கரிமூட்டமும் மரக்காடியும்

செட்டிநாட்டு மாளிகைகளைக் காண வருவோர் பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களையும் நிலைகளையும் வியந்து போற்றுவர். ஊர்ப்புறக் கண்மாய்களில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வியப்பவர் எவருமிலர். 1877ஆம் ஆண்டில் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைக்கப்பட்டு, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்ட இம்மரம், வறண்ட சிவகங்கைச் சீமையை மெல்ல மெல்லத் தனதாக்கிக்கொண்டது. நீர்நிலைகளுக்கு அது கேடு. ஆயினும், மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களுக்கு அடுப்பெரியச் செய்ததும் அம்மரத்தின் கரியே.

காரைக்குடிக்குத் தென்மேற்கே காளையார்கோவில், இளையான்குடிப் பகுதிகளில் கரிமூட்டம் போடுவது பழகிய தொழில். வெட்டிய கட்டைகளை நெருக்கி அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண்ணால் மூடித் தீ வைப்பர். காற்று மிகுந்தால் கட்டை சாம்பலாகும். குறைந்தால் தீ அவியும். எனவே இரவும் பகலும் காவலிருந்து, மண்ணில் துளை திறந்தும் அடைத்தும் தீயை ஆள வேண்டும். அந்நாள்களில் எழும் வெண்புகை தொழிலாளரின் கண்ணையும் மார்பையும் வருத்திவிட்டு வானில் கலந்துவிடுகிறது.

அப்புகையில் கலந்திருப்பவை பல. காற்றுக் குறைந்த நிலையில் மரம் எரிவதில்லை; சிதைகிறது. இதுவே வெப்பச்சிதைவு. ஏறத்தாழ 200 பாகை செல்சியசைக் கடந்ததும் ஹெமிசெல்லுலோஸ் உடைந்து அசிட்டிக் அமிலத்தைத் தருகிறது. அடுத்துச் செல்லுலோஸ் சிதைகிறது. மரத்துக்கு வலிமை தரும் லிக்னினிலிருந்து பீனால் வகைகள் பிறக்கின்றன. புகையை நீண்ட குழாயில் செலுத்திக் குளிர்வித்தால் பழுப்பு நிற நீர் சொட்டும். அதன் பெரும்பகுதி தண்ணீரே. எஞ்சிய பகுதியில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உள்ளன. காடியைப் போலப் புளித்திருப்பதால் இதனை மரக்காடி எனலாம்.

இந்தியாவுக்கு இது புதிதன்று. மைசூர் அரசு 1923இல் பத்ராவதியில் தொடங்கிய இரும்பாலை, உலைக்கு வேண்டிய கரியை மரவடிப்பு முறையில் பெற்றது. உடன் கிடைத்த புகைநீரிலிருந்து கால்சியம் அசிட்டேட்டும் மெத்தனாலும் எடுத்தது. பின்னர்ப் பெட்ரோலியத்திலிருந்து இப்பொருள்கள் மலிவாகக் கிடைத்தமையால் மரவடிப்புத் தொழில் உலகெங்கும் தளர்ந்தது. ஆனால் ஜப்பானிலும் தாய்லாந்திலும் உழவர்கள் மரக்காடியைக் கைவிடவில்லை. புகையின் காக்கும் தன்மையை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். அடுப்படிப் பரணில் விதைக்கதிரைத் தொங்கவிட்டு வண்டு அணுகாமல் காத்தனர்.

எண்டோசல்பான் போன்ற நஞ்சின் விளைவைக் கேரளத்தின் காசர்கோட்டில் கண்ட நாடு, 2011இல் உச்ச நீதிமன்றத் தடையையும் கண்டது. அதன்பின் மாற்றைத் தேடுவது இயல்பே. எனினும், மரத்திலிருந்து வந்தது என்பதனாலேயே மரக்காடி தீங்கற்றதாகிவிடாது. எட்டிக்காயும் இயற்கை தந்ததுதானே! புகைநீரில் மெத்தனால் உண்டு. அதன் கீலில் புற்றுநோய் விளைக்கும் சேர்மங்கள் உண்டு. புகை வெளியேறும் வாயில் வெப்பம் 80 முதல் 150 பாகைக்குள் இருக்கும்போது மட்டுமே நீரைச் சேகரிப்பது ஜப்பானியர் வழக்கம். அதற்குமேல் கீல் மிகும். சேகரித்ததையும் உடனே பயன்படுத்தலாகாது. சில மாதங்கள் அசையாது வைத்தால் மேலே மெல்லிய எண்ணெயும் அடியில் கீலும் பிரியும். நடுவிலுள்ள தெளிவை மட்டும் எடுத்து, ஒரு பங்குக்கு இருநூறு முதல் ஐந்நூறு பங்கு நீர் கலந்து தெளிப்பர். கலக்காமல் ஊற்றினால் களையோடு பயிரும் கருகும்.

அதன் ஆற்றலிலும் மிகைப்படுத்தல் வேண்டா. ஆய்வகங்களில் அது பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுத்திருக்கிறது; கறையானை விரட்டியும் கொன்றுமிருக்கிறது. ஆனால் மரவகை, வெப்பம், சேகரித்த நேரம் ஆகியவை மாறினால் நீரின் சேர்க்கையும் மாறும். ஒரு மூட்டத்தின் நீர் செய்த வேலையை மறு மூட்டத்தின் நீர் செய்யும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே ஒவ்வொரு வடிப்பையும் சோதிக்க வேண்டும்; வயலின் ஒரு பாத்தியில் தெளித்தும் ஒரு பாத்தியில் தெளிக்காமலும் ஒப்பிட வேண்டும். காரைக்குடிக்கு அருகே குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருப்பது, இத்தகைய சோதனையை விரும்பும் உழவருக்கு வாய்ப்பு.

நம் மண்மூட்டத்துக்குப் புகைபோக்கி கிடையாது. புகை எங்கும் கசியும். ஒரு புறம் வாய் அமைத்து, கணுவுள் துளைத்த நீண்ட மூங்கிலைச் சாய்வாகப் பொருத்தினால் புகையின் ஒரு பகுதி அதன் வழியே சென்று குளிர்ந்து கலயத்தில் சொட்டும். வயலில் அது என்ன செய்யும் என்பது சோதனையில் தெரியவரும். அதற்கு முன்பே, அவ்வளவு புகை மூட்டக்காரரின் முகத்தைவிட்டு விலகியிருக்கும்.