துரோணர் கொடுத்த குடம்



இந்த மாதப் பாடம் விளையாட்டுத் திடலைப் பற்றியது. நம்மில் பலர் ஏதாவது ஒரு வகையில் அங்கே இருக்கிறோம். சிலர் ஆடுகிறோம், சிலர் தம்பி தங்கைகளைப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறோம், சிலர் சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்சாகவும் நிற்கிறோம். நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செமஸ்டர் விடுமுறையில் எங்கள் தாமான் திடலில் 12 வயதுக்குட்பட்ட காற்பந்துக் குழுவுக்கு உதவியாளன். அங்கே பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

"நல்ல கோச் யார்?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? ஏமாற்ற மாட்டார், பிள்ளைகளை அடிக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். எல்லாம் சரிதான். ஆனால் இவை கண்ணுக்குத் தெரிகிற குற்றங்கள். யாரும் கத்தாமல், யாரும் ஏமாற்றாமல் நடக்கிற அநீதியும் உண்டு. மகாபாரதத்தில் அதற்கு ஒரு சின்னக் கதை இருக்கிறது.

ஒரே ஆறு, வேறு குடம்

ஆதிபர்வத்தில் வருவது இது. துரோணர் தம் மாணவர்களைத் தண்ணீர் கொண்டுவர அனுப்புவார். எல்லாருக்கும் வாய் குறுகிய பாத்திரம். சொந்த மகன் அசுவத்தாமனுக்கு மட்டும் வாய் அகன்ற குடம். அகன்ற குடம் சீக்கிரம் நிறையும், அவன் முதலில் திரும்பி வருவான். மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் அவனுக்கு மட்டும் தனியாகச் சில வித்தைகளைச் சொல்லிக் கொடுத்துவிடுவார். இதைக் கவனித்த அர்ச்சுனன், வாருணாஸ்திரத்தால் தன் பாத்திரத்தை நொடியில் நிரப்பிக்கொண்டு அசுவத்தாமனோடு சேர்ந்தே வந்துவிட்டான்.

யோசித்துப் பாருங்கள். அங்கே துரோணர் யாரையும் திட்டவில்லை. எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே ஆறு. வித்தியாசம் குடத்தின் வாயில் மட்டும்தான். தாமதமாக வந்த இளவரசர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? "அவன் சுறுசுறுப்பு, நாம்தான் மந்தம்" என்றுகூட நினைத்திருக்கலாம். இந்த வகை அநீதியின் ஆபத்தே அதுதான். பாதிக்கப்பட்டவன் தன்னையே குறை சொல்லிக்கொள்வான்.

படிவம் நான்கு இயற்பியலில் வெர்னியர் காலிப்பர் பிடித்தவர்களுக்குச் சுழியப் பிழை ஞாபகம் இருக்கும். கருவியே பூஜ்யத்தில் நிற்கவில்லை என்றால், எவ்வளவு நேர்மையாக அளந்தாலும், எத்தனை தடவை அளந்தாலும், விடை ஒரே பக்கமாகத்தான் தவறும். கோச்சின் மனசு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அவர் கையில் இருக்கும் அளவுகோலையும் சோதிக்க வேண்டும்.

முதல் குடம்: பிறந்த மாதம்

நம் நாட்டில் பள்ளி வகுப்பும், பள்ளி விளையாட்டுப் பிரிவுகளும் பிறந்த ஆண்டை வைத்துத்தான். ஜனவரி 1-இல் பிறந்த பையனும் டிசம்பர் 31-இல் பிறந்த பையனும் ஒரே பிரிவு. இருவருக்கும் இடையே 364 நாள். இருபது வயதில் இது ஒன்றுமே இல்லை. ஒன்பது வயதில் வாழ்நாளில் ஒன்பதில் ஒரு பங்கு! உயரத்தில், ஓட்டத்தில், சொன்னதைப் புரிந்துகொள்வதில் எல்லாம் அது தெரியும்.

கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980-களில் பனி ஹாக்கி இளையர் குழுக்களின் பெயர்ப்பட்டியலில் பிறந்த மாதங்களைக் கவனித்தார். அங்கேயும் வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்கும். சிறந்த இளம் ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் ஏறக்குறைய 10 விழுக்காடுதான்.

"ஜனவரியில் பிறந்தவனுக்கு ராசி நல்லா இருக்கு போல" என்று சொல்லத் தோன்றும். பெல்ஜியத்தில் நடந்தது அதற்குப் பதில் சொல்லிவிடும். அங்கே இளையர் காற்பந்தில் வயதுக் கணக்கு முன்பு ஆகஸ்டு 1-இல் தொடங்கியது. அப்போது ஆகஸ்டிலும் அதை அடுத்த மாதங்களிலும் பிறந்தவர்கள் அதிகம் தேர்வானார்கள். 1997-இல் அதை ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். மாற்றியதும் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் மேலே வந்துவிட்டார்கள். பிள்ளைகளின் திறமை மாறவில்லை, தேதிதான் மாறியது.

இது எப்படி வளர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எட்டு வயதில் பெரிய பையன் முதல் குழுவில் இடம் பிடிக்கிறான். அவனுக்கு அதிகப் பயிற்சி, நல்ல கோச், நிறைய ஆட்டம் கிடைக்கிறது. இரண்டு வருஷம் கழித்து அவன் நிஜமாகவே நன்றாக ஆடுகிறான். அப்போது கோச் சொல்வார்: "பார்த்தீங்களா, நான் சரியாத்தான் எடுத்தேன்!" தண்ணீர் முதலில் கொண்டுவந்தவனுக்கே வித்தை. வித்தை கற்றவனே சிறந்த மாணவன்.

"அப்படின்னா லீ சோங் வெய்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் பிறந்தது அக்டோபர் 21, 1982. நம் காற்பந்து வீரர் மொக்தார் டஹாரி பிறந்தது நவம்பர் 13, 1953. பின்மாதப் பிள்ளைகளும் உச்சிக்குப் போகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் அர்ச்சுனன் மாதிரி. எல்லாப் பிள்ளையிடமும் வாருணாஸ்திரம் இருக்காது. தப்பித்து வந்தவர்களை மட்டும் எண்ணினால், வழியில் விட்டுப்போனவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

இரண்டாம் குடம்: பெஞ்ச்

நான் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது ஒரு சிறுவர் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு குழுவில் ஒரு பையன் மூன்று ஆட்டமும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். பத்து வயது இருக்கும். மூன்றாவது ஆட்டத்தில் அவன் குழு நான்கு கோல் முன்னே இருந்தது, அப்போதும் இறக்கவில்லை. அவன் சட்டையில் சேறு ஒரு சொட்டுக்கூட இல்லை. அவன் அம்மா வெயிலில் குடை பிடித்தபடி, "அடுத்த தடவை விடுவாங்கடா கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பயிற்சிக் கட்டணம் அவரும்தான் கட்டியிருப்பார்.

அந்தக் கோச் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. வெற்றி வேண்டும், விதி எதுவும் தடுக்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் விதி வேண்டும் என்கிறேன். அமெரிக்காவின் லிட்டில் லீக் சிறுவர் பேஸ்பாலில் ஒரு விதி உண்டு. ஆட்டத்துக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையும் எதிரணியின் ஆறு பேர் அவுட் ஆகும் வரையாவது களத்தில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது மட்டையடிக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஆறு இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட். கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு ஆட்டம். கோச்சுக்கு அன்றைக்கு மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பங்கு பிள்ளைக்கு உரியது.

மூன்றாம் குடம்: கோச்சின் பெயர்

2001-இல் அதே லிட்டில் லீக்கின் உலகத் தொடரில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக் குழு ஒன்று பெரும் பெயர் வாங்கியது. அதன் பந்துவீச்சாளனை யாராலும் எதிர்கொள்ள முடியவில்லை. பிறகு தெரிந்தது, வயது வரம்பு 12, அவனுக்கோ 14. பிறப்புச் சான்றிதழில் பொய். அந்தக் குழுவின் வெற்றிகள் ரத்தாயின. அவன் தந்தைக்கும் குழுவை நடத்தியவருக்கும் ஆயுள் தடை விதிக்கப்பட்டது. பொய்ச் சான்றிதழைப் பெரியவர்கள் தயாரித்தார்கள், உலகமே பேசியது ஒரு பிள்ளையின் பெயரை.

இங்கே நமக்கு ஏகலைவன் ஞாபகம் வர வேண்டும். "உனக்கு நிகரான வில்லாளி இருக்க மாட்டான்" என்று துரோணர் அர்ச்சுனனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கைக் காப்பாற்ற, தாம் சேர்த்துக்கொள்ளாத ஒரு வேடர்குலப் பையனிடம் வலக்கைக் கட்டைவிரலைக் கேட்டார். பெரியவரின் வாக்குக்கு விலை கொடுத்தது சின்னவனின் உடம்பு. இந்திய அரசு 1985 முதல் சிறந்த பயிற்சியாளர்களுக்குத் துரோணாச்சாரியார் பெயரில் விருது வழங்குகிறது. கற்பிக்கும் திறமையில் அவர் பெரியவர், அதில் ஐயமில்லை. ஆனால் விருதின் பெயரைக் கேட்கும்போது அந்தக் குடமும் கட்டைவிரலும்கூட நம் நினைவுக்கு வரட்டும்.

இன்று யாரும் விரல் கேட்பதில்லை. "கால் வலிக்குது கோச்" என்று சொல்லும் பிள்ளையிடம் "இன்னும் பத்து நிமிஷம்தான், தாங்கு" என்று கேட்கிறோம். அதே லிட்டில் லீக் 2007 முதல் பந்துவீச்சுக்கு எண்ணிக்கை வரம்பு வைத்திருக்கிறது. 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் வீசக்கூடாது. இறுதி ஆட்டமாக இருந்தாலும் அதேதான். கோச்சின் ஆசையிலிருந்து பிள்ளையின் தோள்பட்டையைக் காப்பாற்றும் வேலையை ஓர் எண் செய்கிறது.

"இப்படி ஆடினா தோத்துருவோமே!"

நான் இதைப் பேசும்போதெல்லாம் வரும் கேள்வி இது. நார்வேயைப் பாருங்கள். அங்கே 1987-இலேயே பிள்ளைகளின் விளையாட்டு உரிமைகளை எழுதி வைத்து, 2007-இல் திருத்தினார்கள். 11 வயது வரும் ஆண்டுக்கு முன் புள்ளிப் பட்டியலும் தரவரிசையும் கிடையாது. 13 வயது வரும் ஆண்டுக்கு முன் தேசியப் போட்டி கிடையாது. பரிசு கொடுத்தால் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். அந்த நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கம் வென்றது. அதற்கு முன் எந்த நாடும் ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அவ்வளவு வென்றதில்லை. அப்போது அதன் மக்கள் தொகையோ ஐந்தரை மில்லியனுக்கும் குறைவு.

நார்வேக்குப் பனியும் உண்டு, பணமும் உண்டு. ஆகவே இந்த விதிகளால்தான் வென்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விதிகள் அவர்களின் வெற்றியைத் தடுக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

நாம் செய்யக்கூடியவை

நம் வட்டாரத்தில் அடுத்த சிறுவர் போட்டி நடத்தும்போது, முதல் விசில் ஊதுவதற்கு முன்பே இவற்றை எழுதி எல்லாருக்கும் கொடுப்போம்.

1. 12 வயதுக்குட்பட்ட ஆட்டங்களில், வந்த ஒவ்வொரு பிள்ளையும் பாதி ஆட்டமாவது ஆட வேண்டும். இது சலுகை கிடையாது, விதி.

2. தேர்வை இரண்டு பேர், இரண்டு வெவ்வேறு நாளில் செய்ய வேண்டும். கோச்சின் சொந்தப் பிள்ளையோ உறவுப் பிள்ளையோ இருந்தால், அந்தப் பிள்ளையை மற்றவர் மதிப்பிட வேண்டும்.

3. தேர்வுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தை எழுதுவோம். கடைசி மாதங்களில் பிறந்த பிள்ளையை விலக்கும் முன் ஒரு தடவை கேட்போம்: திறமை இல்லையா, உடம்பு இன்னும் வளரவில்லையா?

4. வயதுச் சான்றைப் போட்டி தொடங்கும் முன் ஏற்பாட்டாளர்களே மூல ஆவணத்தில் பார்க்க வேண்டும். பொய் இருந்தால் தண்டனை பெரியவர்களுக்கு.

5. அடிபட்ட பிள்ளை திரும்ப இறங்கலாமா என்பதை முதலுதவி தெரிந்தவரும் பெற்றோரும் முடிவு செய்யட்டும். அந்த நேரத்தில் கோச்சுக்கு ஓட்டு இல்லை.

கலந்து பேசுவோம்

வாரக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

அ) உங்களுக்குத் தெரிந்த நான்கைந்து சிறுவர் குழுக்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பாருங்கள். நம் அடையாள அட்டை எண்ணின் மூன்றாவது, நான்காவது இலக்கம்தான் மாதம். முழு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டாம், மாதம் மட்டும் போதும். ஒரே குழுவை வைத்து முடிவுக்கு வராதீர்கள், எண்ணிக்கை பத்தாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒவ்வொரு காலாண்டிலும் நான்கில் ஒரு பங்கு இருக்கிறதா?

ஆ) துரோணரின் மற்ற மாணவர்களில் ஒருவராக நீங்கள் இருந்து, குடத்தைக் கவனித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? அர்ச்சுனன் தன் பாத்திரத்தை மட்டும் நிரப்பிக்கொண்டான். அது போதுமா?

இ) திடலைத் தவிர வேறு எங்கெல்லாம் நாம் பிள்ளைகளுக்கு வாய் குறுகிய பாத்திரம் கொடுக்கிறோம்? தேவாரப் போட்டியிலா, பேச்சுப் போட்டியிலா, ஆண்டு விழா நடனத்திலா?

இரண்டாவது கேள்வியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். இன்னும் சில வருஷத்தில் நம்மில் பலர் கோச், ஆசிரியர், ஏற்பாட்டாளர் என்று நிற்கப் போகிறோம். குடம் எடுத்துக் கொடுக்கும் கை அப்போது நம்முடையது. கொடுக்கும் முன் அதன் வாயைப் பார்த்துக் கொடுப்போம்.