எல்லாவற்றிலும் 'தேன்' கலக்கலாமா?

ஆண்டுதோறும் இம்மலரில் தலபுராணமும் விரத மகிமையும் எழுதுவோர் பலர் இருக்க, ஆங்கில இலக்கணத்தைப் பற்றி ஒருவன் எழுத வருவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். நமது அறநிதியின் கல்வி உதவிக்கு வரும் விண்ணப்பக் கடிதங்களைப் படித்துப் பார்க்கும் பொறுப்பை, பள்ளியாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், நிர்வாகத்தினர் என்னிடம் ஒப்படைத்திருக்கின்றனர். அக்கடிதங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழை ஒன்று உண்டு. அதே இனத்தைச் சேர்ந்த பிழையொன்றை நானே செய்து, ஆலயத்துக்கு வேண்டிய ஒரு குடும்பத்தின் மனத்தைப் புண்படுத்தியதும் உண்டு. முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் ஆலயத்தின் நெடுநாளைய உபயகாரர் ஒருவர் காலமானார். தைப்பூச அன்னதானத்தில் ஒரு வேளை அவர் பொறுப்பில் பல்லாண்டு நடந்து வந்தது. அவருடைய மகன் வெளியூரில் பணிபுரிபவர். தமிழ் பேசுவார், படிக்கமாட்டார். ஆகவே இரங்கல் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதும் வேலை எனக்கு வந்தது. இழவு வீட்டில் நம்மவர்கள் மரியாதையாகச் சொல்லும் பேச்சு ஒன்றுண்டல்லவா: "உங்களைவிட எங்களுக்குத்தான் பெரிய இழப்பு" என்று. அதைத்தான் நான் ஆங்கிலத்தில், 'வீ மிஸ் யுவர் ஃபாதர் மோர் தேன் யூ' என்று எழுதினேன். தலைவர் கையொப்பமிட்டார். கடிதம் போயிற்று.

பதில் வரவில்லை. அவ்வாண்டு தைப்பூசத்துக்கு அந்த உபயமும் வரவில்லை. அடுத்த ஆண்டும் இல்லை. மூன்றாம் ஆண்டு அவரே நேரில் வந்தார், கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. "சார், நான் பதினைஞ்சு வருசமா கோயிலுக்கு வரலதான். அதுக்காக, 'உன்னைவிட உங்கப்பாவைத்தான் நாங்க தேடுறோம்'னு அவர் செத்த வாரத்திலயா எழுதுவீங்க?" என்றார்.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். அவர் சொன்ன பொருளும் அதில் இருக்கத்தான் செய்தது. 'உங்கள் தந்தையின் பிரிவு உங்களை வாட்டுவதைவிட எங்களை அதிகம் வாட்டுகிறது' என்பது ஒரு பொருள். 'நீங்கள் இல்லாததைவிட உங்கள் தந்தை இல்லாததுதான் எங்களுக்குக் குறை' என்பது இன்னொன்று. வாக்கியத்தின் கடைசியில் 'டூ' என்ற துணைவினை ஒன்றைச் சேர்த்து 'மோர் தேன் யூ டூ' என்று முடித்திருந்தால் இரண்டாம் பொருளுக்கு இடமே இருந்திருக்காது. இரண்டெழுத்துச் சொல்! முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். மேலும், துணைவினையைச் சேர்த்திருந்தாலும் அது நல்ல ஆங்கில இரங்கல் ஆகியிராது என்றே இப்போது நினைக்கிறேன். தகப்பனை இழந்த மகனிடம் 'உன் துயரத்தைவிட எங்கள் துயரம் பெரிது' என்பது தமிழில் அன்பு. ஆங்கிலத்தில் அது அதிகப்பிரசங்கித்தனம்.

இனி மாணவர்களின் பிழைக்கு வருவோம். 'தேன்' என்னும் இச்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் உண்ணும் தேனாகிவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, நம் பிள்ளைகள் எதை ஒப்பிட்டாலும் அதன்மேல் ஒரு கரண்டி ஊற்றிவிடுகிறார்கள். 'ஐ ப்ரிஃபர் இன்ஜினியரிங் தேன் அக்கவுண்டிங்', 'மை பிரதர் இஸ் சீனியர் தேன் மீ', 'மை ரிசல்ட் இஸ் டிஃப்ரண்ட் தேன் ஹிஸ்' என்று கடிதத்துக்குக் கடிதம் வருகிறது. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. தமிழில் 'விட' என்ற ஒரு சொல்லும் 'காட்டிலும்' என்ற அதன் உடன்பிறப்பும் எல்லா ஒப்பீட்டையும் முடித்துவைக்கின்றன. பெயரடையும் மாறுவதில்லை, 'உயரமான' என்பது ஒருவரைச் சொன்னாலும் இருவரை ஒப்பிட்டாலும் 'உயரமான' தான். பள்ளியில் நாள் முழுதும் கேட்கும் மலாய்மொழியிலோ 'டாரிபாடா' என்ற ஒரே சொல், 'இதைவிடப் பெரியது' என்பதற்கும் 'இதிலிருந்து வேறுபட்டது' என்பதற்கும் சேர்த்தே பயன்படுகிறது. இவ்விரு மொழிகளிலும் பழகிய பிள்ளை ஆங்கிலத்திலும் ஒரே சொல்லைத் தேடுவது இயல்பு.

ஆங்கிலத்தில் 'தேன்' வருவதற்கு ஓர் இடம் உண்டு. பெயரடை 'அர்' விகுதி பெற்று டாலர், ஓல்டர், சீப்பர் என மாறியிருக்க வேண்டும். அல்லது முன்னால் 'மோர்', 'லெஸ்' வந்திருக்க வேண்டும். 'அதர்', 'ரேதர்' என்ற சொற்களையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். 'நோ சூனர்' என்று தொடங்கும் வாக்கியத்திலும் 'தேன்' வருவது இதனால்தான். 'சூனர்' என்பதே ஒப்பீட்டு வடிவம். 'ஹார்ட்லி' அப்படியன்று, ஆகவே அதனோடு 'வென்' வரும். 'மோர் பெட்டர்' என்று இரண்டையும் ஒருசேரப் போடுவது பாயசத்தில் இருமுறை சர்க்கரை போடுவது போன்றது.

அப்படியானால் 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்', 'பிரையர்' ஆகியவை? இவையும் 'அர்' என்றுதானே முடிகின்றன என்று கேட்கும் மாணவன் புத்திசாலி. இவை இலத்தீன் மொழியிலிருந்து வந்தவை. அங்கேயே இவை ஒப்பீட்டு வடிவங்கள். 'சீனியர்' என்றால் 'அதிக மூத்தவர்', 'ஜூனியர்' என்றால் 'அதிக இளையவர்'. ஆங்கிலத்துக்குள் வந்தபின் இவை 'தேன்' ஏற்பதில்லை. 'டு' என்ற முன்னிடைச்சொல்லையே ஏற்கின்றன. 'சீனியர் டு மீ', 'சுப்பீரியர் டு தட்' என்பதே முறை. முன்னால் 'மோர்' போடுவதும் கூடாது. 'ப்ரிஃபர்' என்பதும் இலத்தீன் வழிவந்ததே. 'முன்னால் கொண்டு வை' என்பது அதன் மூலப்பொருள். ஒன்றுக்கு முன்னால் மற்றொன்றை வைக்கிறோம். ஆகவே 'ப்ரிஃபர் டீ டு காஃபி'. ஆனால் வினைச்சொற்களை ஒப்பிடும்போது 'ஐ ப்ரிஃபர் டு வாக் ரேதர் தேன் ட்ரைவ்' என்று வரும். அங்கே 'தேன்' வருவது 'ரேதர்' என்ற சொல்லுக்காக.

'எல்டர்' என்பது தனிக் கதை. அண்ணனும் அக்காளும் நமக்கு வெவ்வேறு உறவுப் பெயர்கள். மலாய்க்காரர்களுக்கும் 'அபாங்', 'காக்காக்' உண்டு. ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் இல்லாததால் 'எல்டர் பிரதர்' என்று அடைமொழி சேர்க்கிறார்கள். அது உறவைக் குறிப்பதோடு நின்றுவிடும். வயதை ஒப்பிட வேண்டுமானால் 'ஹீ இஸ் ஓல்டர் தேன் மீ'. 'எல்டர் தேன்' என்று எழுதக்கூடாது.

ஒத்திருப்பதைச் சொல்லும்போது பிள்ளைகள் வேறொரு பள்ளத்தில் விழுகிறார்கள். 'சேம் வித்', 'சிமிலர் வித்' என்று எழுதாத கடிதம் குறைவு. மலாய்மொழியின் 'சாமா டெங்கான்' அப்படியே ஆங்கில உடை உடுத்தி வருகிறது. 'சேம்' என்றால் 'அஸ்', 'சிமிலர்' என்றால் 'டு', 'டிஃப்ரண்ட்' என்றால் 'ஃப்ரம்' என்று மனப்பாடம் செய்துகொள்வதே நல்லது. அமெரிக்கர்கள் 'டிஃப்ரண்ட் தேன்' என்பார்கள், இங்கிலாந்தில் 'டிஃப்ரண்ட் டு' என்றும் கேட்கலாம். எஸ்.பி.எம். தேர்வு எழுதுகிறவர்கள் அந்த வழக்கில் தலையிடாமல் 'ஃப்ரம்' என்றே எழுதிவிட்டு வரட்டும்.

'கம்பேர்' என்ற வினையோடு 'டு' வருமா 'வித்' வருமா என்று நம் ஆண்டறிக்கை தயாரிக்கும்போது ஒருமுறை செயலவையிலேயே வாதம் நடந்தது. பழைய ஆசிரியர்கள் கற்பித்தபடி, முகத்தை நிலவுக்கு உவமிப்பது 'டு'. இவ்வாண்டு வரவை சென்ற ஆண்டு வரவோடு வைத்து ஆராய்வது 'வித்'. இப்போது இரண்டாவதற்கும் 'டு' போடுவது செல்லுபடியாகிறது. எனக்குப் பழையதே பிடிக்கிறது.

இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் தவறுவதுண்டு. பத்துமலையில் ஏறுவதற்கு 272 படிகள். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். இதை ஒரு மாணவி, பினாங்கின் படிகள் 'மோர் தேன் பத்து கேவ்ஸ்' என்று எழுதினாள். படிகளைக் குகையோடு ஒப்பிட்டுவிட்டாள்! 'தேன் தோஸ் அட் பத்து கேவ்ஸ்' என்று, அங்குள்ள படிகளோடு ஒப்பிட வேண்டும். அதேபோல 678.9 மீட்டர் உயரமுள்ள மெர்டேக்கா 118 கோபுரம் மலேசியாவிலுள்ள 'எனி பில்டிங்' எதையும்விட உயரம் என்றால், அது தன்னைவிடவும் உயரம் என்றாகிவிடும். 'எனி அதர் பில்டிங்' என்று ஒரு சொல் கூட்ட வேண்டும்.

சொல் ஒன்று குறைந்ததால் வந்த வினையைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். அன்று அந்த மகனை அலுவலகத்தில் அமரவைத்து, நான் எழுத நினைத்ததைத் தமிழில் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாவும் இப்படித்தான் சார், பெரிய பெரிய வார்த்தையாப் பேசுவாரு" என்று சொல்லிச் சிரித்தார். உபயப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, தந்தையின் பெயரிலேயே அவ்வாண்டு அன்னதானத்தைப் பதிவு செய்தார். நன்றிக் கடிதத்தையும் நானே எழுதினேன். மூன்றே வாக்கியங்கள். அவற்றில் ஒப்பீடு ஒன்றுகூட இல்லை.