முதல் வகுப்பிலேயே கொடுக்கவேண்டிய இரண்டு பக்கம்

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் புது உதவிப் பேராசிரியர்கள் பலர் செய்வது இதுதான்: பல்கலைக்கழக பிடிஎஃபிலிருந்து தங்கள் தாளுக்குரிய ஐந்து யூனிட்டையும் வெட்டி எடுத்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, 'சிலபஸ் கொடுத்தாச்சு மக்களே' என்று சொல்லிவிடுவது. பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அவர்கள் அறிய விரும்புவது வேறு. டெஸ்ட் எப்போது? இன்டர்னல் எப்படிப் போடுவீர்கள்? எந்தப் புத்தகம் வாங்கவேண்டும்? ஒரு நாள் வராவிட்டால் என்ன ஆகும்? இவற்றுக்குப் பதில் சொல்லும் இரண்டு பக்கத் தாளை நீங்கள்தான் எழுதவேண்டும்.

குமரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. யூனிட்டில் என்ன இருக்கவேண்டும் என்பதைப் பாடத்திட்டக் குழு முடிவு செய்கிறது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, ஹோலி கிராஸ் போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளிலும் தனி ஆசிரியர் யூனிட்டில் கை வைக்க முடியாது. வேகம், வரிசை, டெஸ்ட், அசைன்மென்ட், வகுப்பு விதி ஆகியவைதான் உங்கள் கையில் இருப்பவை. பாட விளைவு (சி.ஓ.), திட்ட விளைவு (பி.ஓ.), கே1 முதல் கே6 வரை அறிவு நிலை என்று கட்டம் போட்ட கோர்ஸ் ஃபைல் ஏற்கெனவே துறையில் இருக்கும். அது கல்லூரியைத் தர மதிப்பீடு செய்யவரும் நாக் குழுவுக்கானது, அலமாரியிலேயே இருக்கட்டும். அதை மாணவர் கையில் கொடுத்தால் யாருக்கும் பயனில்லை.

விதிகளை முன்கூட்டியே எழுத்தில் வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் ஒரு சாலை, அதாவது கல்விக்கூடம், நிறுவிச் செப்பேடு வெளியிட்டான். அக்காலத்தில் பெயர்பெற்ற கல்விக்கூடமான காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அந்தச் சாலையில் 95 இடங்கள். அவை மூன்று வேதப் பிரிவினருக்கு 45, 36, 14 என்று பிரிக்கப்பட்டிருந்தன. சேர விரும்புகிறவருக்கு இலக்கணம் தெரிந்திருக்கவேண்டும் என்ற தகுதியும், ஆயுதம் கொண்டுவரக்கூடாது என்ற கட்டுப்பாடும், தவறினால் தண்டம் என்பதும் அதில் உண்டு. யாருக்கு அங்கே இடமில்லை என்பதும் அந்தப் பங்கீட்டிலேயே தெரிகிறது, அதைப் போற்றவேண்டியதில்லை. ஆனால் எத்தனை இடம், என்ன தகுதி, மீறினால் என்ன என்பதைச் சேருமுன்பே தெரிந்துகொள்ள முடிந்திருக்கிறது. இன்றைக்குப் பல வகுப்புகளில் விதி என்ன என்பது தண்டனை வரும்போதுதான் தெரியவருகிறது.

தாளில் அதிக இடம் கொடுக்கவேண்டியது நாட்காட்டிக்கு. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்பது கணக்கு. குமரியில் அந்தக் கணக்கு அப்படியே நிற்காது. ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஓணம். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா. மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், மாசியில் மண்டைக்காடு கொடை. இவற்றுக்கெல்லாம் உள்ளூர் விடுமுறை வரும். ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். அந்தச் சனிக்கிழமை பாதி வகுப்பு காலியாக இருக்கும். போதாததற்கு நமக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. ஆகவே 15 வாரம் இருந்தால் 12 வாரத்துக்கு மட்டும் பாடத்தைப் பிரியுங்கள். கடினமான யூனிட்டை அக்டோபர் கடைசிக்குத் தள்ளாதீர்கள், ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வரி: என்ன பாடம், எந்தப் பக்கம் படித்துவரவேண்டும். டெஸ்ட் தேதிகளோடு இதையும் சேர்த்து எழுதுங்கள்: 'ஆட்சியர் விடுமுறை அறிவித்தால், இதே தாளின் அடுத்த வகுப்பில் டெஸ்ட்.' இந்த ஒரு வரி இருந்தால் மழை நாள் காலையில் உங்களுக்கு வரும் போன் பாதியாகக் குறையும்.

மதிப்பெண்ணை எண்ணாகவே எழுதுங்கள். இன்டர்னல் 25 என்றால் அதில் டெஸ்டுக்கு எவ்வளவு, அசைன்மென்டுக்கு எவ்வளவு, எத்தனை டெஸ்டில் எதன் சராசரி என்று தெளிவாக இருக்கட்டும். தாமதமாகத் தரும் அசைன்மென்டுக்கு நாளுக்கு ஒரு மதிப்பெண் குறைப்பு என்றால் அதையும் போடுங்கள். 'ஒழுங்கு, ஈடுபாடு' என்று இரண்டு மதிப்பெண்ணை உங்கள் மனம்போல் வைத்துக்கொள்வது வேண்டாம். சலுகை என்ற பேச்சு கிளம்புவது அங்கிருந்துதான்.

வருகைப் பதிவு 75 சதவீதம் என்று சொன்னால் போதாது. 90 நாளில் 22 நாளுக்கு மேல் விடக்கூடாது என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கட்டும் கண்டோனேஷன் கட்டணம் என்ற சொல்லைப் பல மாணவர்கள் ஹால் டிக்கெட் வாங்கும்போதுதான் முதன்முறை கேட்கிறார்கள். குலசேகரத்திலிருந்தும் கொல்லங்கோட்டிலிருந்தும் பஸ் மாறி வருகிறவர்களுக்கு முதல் மணி நேரத்தில் எத்தனை நிமிடம் பொறுப்பீர்கள் என்பதும் எழுத்தில் வேண்டும்.

புத்தகப் பட்டியலைப் பதினைந்து நூலோடு நிரப்புவது ஆசிரியரின் பெருமைக்கு உதவும், அவ்வளவுதான். வாங்கவேண்டியது ஒன்று; நூலகத்தில் பார்க்கவேண்டியது இரண்டு, அலமாரி எண்ணோடு. தமிழ்த் தாள் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் குறிப்பிடுங்கள், இலவசம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் ஒரு வரி: எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது. தடை என்று மட்டும் எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. எழுதியதைப் பற்றி நேரில் மூன்று கேள்வி கேட்பேன் என்று எழுதுங்கள். அது வேலை செய்யும்.

நீங்கள் எங்கே, எந்த நேரம் இருப்பீர்கள் என்பதும் தேவை. யுஜிசியின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு வாரம் 16 மணி நேரம். பணி நேரமோ வாரம் 40 மணி நேரத்துக்குக் குறையாது. அதில் இரண்டு மணி நேரத்தை மாணவருக்கென்று ஒதுக்கிக் குறித்துவிடலாம். கௌரவ விரிவுரையாளர் என்றால் வரும் நாட்களையாவது எழுதுங்கள். மாற்றுத்திறனாளி மாணவருக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. கேட்கத் தயங்குகிறவர்கள்தான் அதிகம். தேவைப்படுவோர் தனியாக வந்து பார்க்கலாம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

தாள் ஆங்கிலவழிப் பாடத்துக்கானது என்றாலும் விதிகளைத் தமிழில் எழுதுங்கள். தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வருகிறவர்களும், எல்லைப் பகுதியில் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்களும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். பொதுவாகப் புரியும் எளிய தமிழே போதும்.

துறைத்தலைவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அச்சடித்துக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் மூன்றாவது வாரம் அது காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும்.