மாற்றத்தின் முறை

ஒரு ஸ்தாபனத்தைச் சீர்திருத்த விரும்புவோர், பெருந்திட்டமொன்றை மேலிருந்து விதித்தலே போதுமென எண்ணுவர். அது போதாதென்பதற்குக் கலிபோர்னியா மாகாணத்துப் பிரீமாண்ட் நகரத்து மோட்டார்த் தொழிற்சாலை சான்றாகும். பிணக்கும் வேலைக்கு வாராமையும் மலிந்திருந்த அச்சாலையை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1982-இல் மூடினர். 1984-இல் டொயோட்டா கம்பெனியாரோடு கூடி அதனை மீண்டும் திறந்தபோது, பெரும்பாலும் பழைய தொழிலாளரையே அமர்த்தினர். ஆயின், குறை கண்டவிடத்துக் கயிற்றை யிழுத்து வேலையை நிறுத்தும் உரிமை தொழிலாளர்க்கு அளிக்கப்பட்டது. குறைகள் உடனுக்குடன் ஆராய்ந்து திருத்தப்பட்டன. சில காலத்துள் வண்டிகளின் தரம் உயர்ந்தது. ஆட்கள் மாறினாரல்லர், வேலைமுறையே மாறிற்று.

2001-இல் கணிப்பொறி வல்லுநர் 17 பேர் கூடி அறிக்கையிட்ட 'அஜைல்' முறையின் உட்கருத்தும் இதனோடொத்ததே: சிறிது செய்து, பயனை நோக்கி, திருத்தி மேற்செல்லல். மாணவர்காள்! நாளை ஒரு சங்கத்தையோ சாலையையோ நடத்த நேரின், வேலை செய்வோர் சொல்லை முதற்கண் கேட்பீராக.