நெகிழியில் ஓர் ஒட்டு

கூலாய் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோருக்கு ரப்பர் மரத்தில் ஒட்டுக்கட்டும் முறை தெரியும். வேர் வலுவாக உள்ள இளங்கன்றின் பட்டையைச் சிறிது கீறி, அதிகப் பால் தரும் மரத்தின் மொட்டை அங்கே பொருத்திக் கட்டுவார்கள். வேர் ஒன்றின் வலிமையும் மொட்டு ஒன்றின் பயனும் ஒரே மரத்தில் சேரும். இதே கருத்தை அறிவியலாளர்கள் மருத்துவ நெகிழிகளிலும் செயல்படுத்துகின்றனர்.

நோயாளியின் உடலுக்குள் செலுத்தப்படும் சிறுநீர்க் குழாயை எண்ணிப் பாருங்கள். அது வளையும், எளிதில் உடையாது. ஆனால், அதன் மேற்பரப்பில் கிருமிகள் ஒட்டிப் பெருகினால் நோய்த்தொற்று ஏற்படும். ஆகவே, குழாயின் வலிமை குறையாமல் அதன் மேற்பரப்பின் தன்மையை மட்டும் மாற்ற வேண்டியுள்ளது.

நெகிழி என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. இத்தகைய பொருளைப் பாலிமர் என்பர். கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிர்களோ எலக்ட்ரான் கற்றையோ அதன்மீது படும்போது, சங்கிலியின் சில இடங்களில் பிணைப்புகள் அறுபடுகின்றன. அந்த இடங்களில் வேறு சிறிய மூலக்கூறுகள் வந்து இணைந்து, புதிய கிளைகளாக வளர்கின்றன. தோட்டத்தில் கத்தி செய்த வேலையை இங்கே கதிர்வீச்சு செய்கிறது.

கதிர்வீச்சு என்றதும் பலர் அஞ்சுகின்றனர். ஆனால், காமா கதிர் பட்ட குழாய் கதிரியக்கப் பொருளாக மாறுவதில்லை. மேலும், வினையைத் தொடக்கி வைக்கத் தனி இரசாயனம் தேவைப்படாததால், அதன் எச்சம் பொருளில் தங்குவதுமில்லை.

ஜப்பானிய அறிவியலாளர் தெருவோ ஒக்கானோவின் குழுவினர், உயிரணுக்களை வளர்க்கும் நெகிழித் தட்டில் வெப்பத்தை உணரும் பாலிமர் ஒன்றை எலக்ட்ரான் கற்றையால் ஒட்டினர். உடல் வெப்பமான 37 பாகையில் உயிரணுக்கள் தட்டில் ஒட்டி வளரும். வெப்பம் 32 பாகைக்குக் கீழே இறங்கியதும் அவை சிதையாமல் ஒரே தாளாகக் கழன்று வரும். 2004-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வின்படி, நான்கு நோயாளிகளின் வாய் உயிரணுக்களை இவ்வாறு வளர்த்து, அவர்களின் பழுதுபட்ட கருவிழியில் பொருத்தினர். நால்வருக்கும் பார்வை மேம்பட்டது.

இந்த ஒட்டில் அளவு மிக முக்கியம். தட்டின்மேல் உள்ள படலம் ஏறக்குறைய 20 நானோமீட்டர் தடிமன் இருந்தால் உயிரணுக்கள் ஒட்டும். 30 நானோமீட்டரைத் தாண்டினால் ஒட்டுவதில்லை. கதிர்வீச்சு மிகுந்தால் சில நெகிழிகள் நொறுங்கும் தன்மையும் அடைகின்றன. சரியான அளவைக் கண்டறிவதே ஆய்வாளர்களின் பெரும் பணி.

இந்தியாவில், டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் கிருமிகளைத் தடுக்கும் அறுவைத் தையல் நூலை இம்முறையில் உருவாக்க முயன்றுள்ளனர். நம் நாட்டில், பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தின் காமா கதிர் நிலையம் 1989 முதல் மருத்துவப் பொருள்களின் கிருமிகளை நீக்கி வருகிறது. கூலாய்க்கு அருகே ஸ்கூடாயில் தலைமை வளாகம் கொண்ட மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களோ, இதே ஒட்டுமுறையால் எரிபொருள் கலங்களுக்கான சவ்வுகளை உருவாக்கியுள்ளனர்.

மாணவர்களே, இத்துறைக்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் ஆகிய மூன்றும் தேவை. அவற்றை இன்று வகுப்பறையில் கற்கும் உங்களுள் ஒருவர், கிருமி அண்டாத குழாயை நாளை உருவாக்கலாம்.