ஆப்பிரிக்கக் கெளுத்தியை அடையாளம் காணல்

பெங்களூர் வட்டார நீர்நிலைகளில் ஆப்பிரிக்கக் கெளுத்தி புகுந்துள்ளது. பிற மீன்களை இரையாக்கும் இவ்வினத்தை வளர்ப்பதற்கு மைய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. எனினும் கோழிக் கழிவைத் தின்றே விரைந்து பெருப்பதால், ‘மாகூர்’ எனப்படும் நாட்டுக் கெளுத்தியின் பெயரால் இதன் குஞ்சுகள் விற்கப்படுகின்றன.

மீசையைப் பார்த்துப் பயனில்லை. இரண்டுக்குமே நான்கு இணை உண்டு. நோக்க வேண்டியது தலையின் பின்விளிம்பு. மாகூரில் அவ்வெலும்பு ஒரே முனையாக முடியும். அயலினத்தில் மூன்று புடைப்புகள் தென்படும். வளர்ந்தபின் ஐயமே எழாது: மாகூர் அரை மீட்டரை எட்டுவது அரிது, மற்றதோ ஒரு மீட்டரையும் தாண்டும். ஆனால் விவசாயி வாங்குவது விரலளவுக் குஞ்சுகளையே. ஆகவே சிலவற்றையேனும் கையிலெடுத்துத் தலையைச் சோதித்த பின்னரே குளத்தில் விடவேண்டும். குளம் வற்றினாலும் சேற்றில் உயிர் தாங்கும் மீன் இது. பின்னர் அகற்றுவது மிகக் கடினம்.