பள்ளிச் சிறார்க்குக் கணினி வழங்குதல்: பயனை அளந்தறியும் முறை

வளர்ந்துவரும் நாடுகள் பலவற்றில் பள்ளி மாணாக்கர்க்குக் கணினிகளை இலவசமாக அளிக்கும் திட்டங்கள் மேற்கொள்ளப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆந்திரப் பிரதேசத்தில் 2022 டிசம்பரில் அரசுப் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட டாப்லெட் கருவிகள் வழங்கப்பட்டன. சித்தூர் மாவட்டமும், அவ்வாண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் உருவான திருப்பதி மாவட்டமும் இத்திட்டத்துள் அடங்கின.

எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன என்பதைப் பதிவேடு காட்டும். அவற்றால் கல்வி எவ்வளவு பெருகிற்று என்பதை அறியத் தனி முறை வேண்டும்.

ஒப்பீட்டின் இன்றியமையாமை

உதாரணமாக, கருவி பெற்ற ஒரு பள்ளியின் கணிதச் சராசரி ஓராண்டில் 40 மதிப்பெண்ணிலிருந்து 52-ஆக உயர்ந்ததெனக் கொள்வோம். 12 மதிப்பெண்ணும் கருவியின் பயனே எனக் கூறுதல் பிழையாகும். கருவி பெறாத, அதனை ஒத்த பள்ளியில் சராசரி 41-லிருந்து 51-ஆக உயர்ந்திருப்பின், ஆசிரியர் போதனையாலும் வயது முதிர்ச்சியாலும் 10 மதிப்பெண் கூடியதென்பது விளங்கும். எஞ்சிய 2 மதிப்பெண்ணையே கருவியின் பயனாகக் கருதலாம்.

இரு தொகுதிப் பள்ளிகளும் ஒத்திருத்தல் அவசியம். திருப்பதி நகரப் பள்ளியைக் குப்பம் பகுதிச் சிற்றூர்ப் பள்ளியுடன் ஒப்பிட்டால் முடிவு பிழைபடும். ஆதலின் பள்ளிகளைச் சீட்டுக் குலுக்கலால் பிரித்தலே சிறந்த முறையாகும்.

ஆராய்ச்சிகள் காட்டும் உண்மை

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 300-க்கு மேற்பட்ட கிராமப் பள்ளிகளில் இம்முறைப்படி சோதனை நடைபெற்றது. 15 மாதங்களுக்குப் பின் ஆராய்ந்தபோது, மாணவர் ஒருவருக்கு 0.12-ஆக இருந்த கணினி விகிதம் 1.18-ஆக உயர்ந்திருந்தது; எனினும் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை.

குஜராத்தின் வதோதரா நகரில் நான்காம் வகுப்புச் சிறார் இருவருக்கு ஒரு கணினியாக, வாரம் இரண்டு மணி நேரம் கணித விளையாட்டுகளில் பயின்றனர். அவரவர் தகுதிக்கேற்பக் கணக்குகளின் கடினம் மாறியது. அங்கு கணித அறிவு தெளிவாக உயர்ந்தது. ஆயினும் திட்டம் முடிந்து ஓராண்டு சென்றபின் அப்பயனில் பெரும்பகுதி குறைந்துவிட்டது. பாடம் மாணவன் நிலைக்குப் பொருந்துவதும், பயிற்சி ஒழுங்காக நடைபெறுவதும் கருவிகளின் எண்ணிக்கையைவிட முக்கியமானவை என்பது இவ்விரண்டாலும் பெறப்படும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டியவை

1. கருவி வழங்குமுன்னரே எல்லா மாணாக்கர்க்கும் தேர்வு நடத்தி, மதிப்பெண்களைக் குறித்து வைத்தல் வேண்டும்.

2. இவ்வெல்லைப் பகுதியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சிறாரும் உளர். பழக்கமில்லாத மொழியில் கணிதத் தேர்வு நடத்தினால், கணித அறிவுக்குப் பதிலாக மொழியறிவே அளக்கப்படும்.

3. கருவி வாரத்தில் எத்தனை மணி நேரம், எப்பாடத்துக்குப் பயன்பட்டது என்பதையும், பழுதுற்றுக் கிடந்த நாட்களையும் பதிதல் வேண்டும்.

4. தேர்வு நாளன்று வராதவர்களையும் பின்னர்த் தேடித் தேர்வு நடத்த வேண்டும். நன்கு பயில்வோர் மட்டும் வந்திருப்பின் சராசரி பொய்யாக உயரும்.

5. ஓராண்டு கழித்து மீண்டும் சோதித்தால் பயன் நிலைத்ததா என்பது தெரியவரும்.

கருவிக்குச் செலவாகும் பொருள், ஆசிரியர் நியமனத்துக்கும் நூல்களுக்கும் பயன்படக்கூடிய பொருளேயாகும். ஆகவே பயன் காணாவிடில் அதனையும் மறையாது எழுதுதல் பணியாளரின் கடமை. தவறான அறிக்கையால் இழந்த கல்வியாண்டை எட்டாம் வகுப்புச் சிறுவன் திரும்பப் பெற இயலாது.